புது ரோடு போட்டதும் வேகம் கூடுவது ஏன்?

புது தார் போட்டதிலிருந்து தெருவில் பைக்குகள் பறக்கின்றன, '20 கி.மீ.' பலகையை ஒருத்தரும் மதிப்பதில்லை, நாமே ஒரு வேகத்தடை கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அகலமாக, நேராக, வழவழவென்று ரோடு கிடந்தால் கை தானாக முறுக்கத்தான் செய்யும், பலகை என்ன பண்ணும்? ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் மேடு மட்டும் கட்டிவிடாதீர்கள், இருட்டில் அது கண்ணுக்கே தெரியாது, பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்தான் முதலில் விழுவார். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் அளவு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் வந்தால் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நகராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் இதையே எழுதுங்கள், வெள்ளைப் பட்டையும் முன்னெச்சரிக்கைப் பலகையும் சேர்த்து. அப்புறம், தெருமுனை வளைவு ரொம்ப அகலமாக இருந்தால் அதைக் குறுக்கச் சொல்லுங்கள், திரும்பும்போதே பிரேக் பிடித்தாக வேண்டும்.