கோஃபர் தளத்தில் அணைக்கணக்கு கேட்டால் பதில் வர என்ன செய்ய வேண்டும்?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர், பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கொடுமுடியாறு அணைகளின் அன்றாட நீர்மட்டத்தைத் தம் கோஃபர் தளத்தில் (மெனுக்களும் உரைக்கோப்புகளுமாக அமைந்த பழைய இணைய முறை) உரைக்கோப்பாக இட்டு வருகிறார். அணையின் பெயரைத் தட்டினால் அதன் கணக்கு மட்டும் வரும்படி கோஃபர் தளங்களை வழங்கும் கோஃபர்நிக்கஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஸ்கிரிப்ட் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா என்று அணைக்கணக்கைப் பார்த்து முடிவெடுக்கும் ஊர்களுக்கு, நாலே வரியில் வந்துசேரும் இத்தகைய பக்கம் உண்மையிலேயே பயன்படும்.

1991இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த கோஃபரில் குக்கியும் இல்லை, படிவமும் இல்லை. உலாவியிலிருந்து சர்வரின் 70ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாயிலுக்கு) கோரிக்கையாக ஒரு வரி போகும். பதிலை அனுப்பியதும் சர்வர் இணைப்பை முடித்துக்கொள்ளும். ஆகவே ஸ்கிரிப்டின் வேலை முழுவதும் சர்வரிலேயே நடக்க வேண்டும். அதை, சர்வர் இயக்கும் ஸ்கிரிப்டுகளுக்கான சிஜிஐ-பின் (cgi-bin) அடைவில் வைத்து, இயக்க அனுமதி கொடுங்கள். பிறகு தளத்தின் மெனுக்கோப்பான கோஃபர்மேப்பில், தேடலைக் குறிக்கும் 7 என்ற எண்ணில் தொடங்கும் ஒரு வரியைச் சேர்த்து, தலைப்புக்கும் ஸ்கிரிப்டின் பாதைக்கும் நடுவே ஒரு டேப் இடுங்கள். சில எடிட்டர்கள் டேப்பை இடைவெளிகளாக மாற்றிவிடும் என்பதால் சேமித்தபின் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 7ஆம் வகை இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் உலாவி ஒரு சொல்லைக் கேட்டு வாங்கி, பாதைக்குப் பின் டேப் வைத்து அனுப்பும். அந்தச் சொல் சூழல் மாறியாக (சர்வர் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் பெயரிட்ட மதிப்பாக) உங்கள் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும்.

7ஆம் வகைக்கு உலாவி எதிர்பார்ப்பது மெனுவைத்தான், வெறும் உரையை அன்று. வரியின் முதல் எழுத்தை அது வகைக்குறியாக எடுத்துக்கொள்வதால், ‘பாபநாசம்’ என்று நேரடியாக அச்சிட்டால் யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக்குறியீட்டில் மூன்று பைட்டாக உள்ள ‘ப’ உடைந்துபோகும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தகவல் வரியைக் குறிக்கும் ஆங்கிலச் சிறிய ‘ஐ’ (i) எழுத்தையும், பின்னால் டேப்களால் பிரித்த பாதை, சர்வர் பெயர், போர்ட் ஆகியவற்றையும் எழுதி, கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி வையுங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது, வந்த சொல்லை அப்படியே ஷெல் (இயங்குதளத்துக்குக் கட்டளை கொடுக்கும் நிரல்) கட்டளைக்குள் ஒட்டிவிடும் பழக்கத்தை. அரைப்புள்ளியை அடுத்து ஒருவர் அழிக்கும் கட்டளையைத் தட்டினால் அதுவும் ஓடிவிடும். உங்களுக்கு இருப்பவை நான்கே பெயர்கள். வந்த சொல் அவற்றுள் ஒன்றா என்று மட்டும் ஒப்பிடுங்கள், இல்லையென்றால் நான்கையும் மெனுவாகக் காட்டிவிடுங்கள்.

ஒப்பிடும்போது தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கொடுமுடியாறு’ என்பதில் உள்ள ‘கொ’வின் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பீட்டில் பொருந்தாது. பைத்தானில் யூனிகோட்டேட்டா நிரலகத்தைக் கொண்டு இருபக்கச் சொற்களையும் என்எஃப்சி (இத்தகைய இரு குறிகளை ஒன்றாக்கும்) வடிவுக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள். தளத்தைத் திறந்துவிடும் முன், அந்தப் பெயரை இரண்டு விதமாகவும் அனுப்பி ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள்.