பாட்டியின் தலையைப் பார்த்தீர்களா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. இடுப்புவரை முடி. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து தலையெல்லாம் பேன். மெடிக்கல் ஷாப்பில் பேன் ஷாம்பு வாங்கி, மாதம் ஒரு தரம் என்று மூன்று தரம் போட்டுவிட்டேன். போட்ட அன்று பத்து, பதினைந்து செத்து விழுகிறது. இரண்டு வாரத்தில் மறுபடியும் சொறிய ஆரம்பித்துவிடுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டும் தேய்த்தேன். ராத்திரி பாட்டியோடுதான் படுத்துக்கொள்வாள். தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் தினமும் துவைக்கிறேன். போன வாரம் டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிட, கூடப் படிக்கும் பிள்ளைகள் இவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்கிறார்களாம். மாமியார், ‘பேசாமல் மொட்டை அடித்துவிடு’ என்கிறார். வீட்டைச் சுத்தமாகத்தானே வைத்திருக்கிறேன், எங்கே தப்பு செய்கிறேன்?
பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாவது தரம் ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். ‘ராத்திரி பாட்டியோடுதான் படுத்துக்கொள்வாள்.’ உறையைத் துவைத்தீர்கள், போர்வையைத் துவைத்தீர்கள். அதே தலையணையில் ஒட்டிப் படுக்கும் இன்னொரு தலையை யாராவது பார்த்தீர்களா?

பேனுக்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. முடியைப் பிடித்துக்கொண்டு நடக்கத்தான் தெரியும். ஒரு தலை இன்னொரு தலையில் உரசினால் அந்தப் பக்கம் ஏறிவிடும், அவ்வளவுதான். தலையை விட்டுக் கீழே விழுந்தால் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். ஆகவே நீங்கள் தினமும் துவைக்கும் போர்வையால் பெரிய பலன் இல்லை; இடுப்பு வலிதான் மிச்சம். மருந்து போடும் நாளில், அதற்கு முந்தைய இரண்டு நாள் உபயோகித்த உறை, துண்டு, போர்வையை மட்டும் வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள். சீப்பு, கிளிப், ரப்பர் பேண்டையெல்லாம் கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். மெத்தைக்கு மருந்து அடிப்பது, கொசு ஸ்ப்ரேயைத் தலையில் அடிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சுத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேனுக்கு அழுக்குத் தலை, குளித்த தலை என்ற பேதமெல்லாம் கிடையாது. இஸ்ரேலில் லாக்கீஷ் என்ற பழைய ஊரைத் தோண்டியபோது ஒரு குட்டிச் சீப்பு கிடைத்தது. சுமார் 3,700 வருஷப் பழசு, யானைத் தந்தத்தில் செய்தது. அதன்மேல், ‘இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும்’ என்று கானானிய எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். 2022இல்தான் அதைப் படித்து வெளியிட்டார்கள். தந்தச் சீப்பு வாங்க வசதி இருந்தவருக்கே அந்தக் கதி என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு?

சரி, ஷாம்பு ஏன் தோற்றது? மருந்தில் செத்து விழுந்தவை பேன்கள். முடியில் ஒட்டியிருந்த ஈர்கள் அப்படியே இருந்திருக்கும். பெரும்பாலான பேன் மருந்துகளுக்கு எல்லா ஈரையும் கொல்லும் சக்தி இல்லை. ஈர் பொரிய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். பொரித்து வந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் ஒன்பது, பத்து நாளாவது வேண்டும். ஆகவே எல்லா ஈரும் அநேகமாகப் பொரிந்து, ஒன்றுகூட முட்டையிடத் தொடங்காத ஒரு சின்ன இடைவெளி நமக்குக் கிடைக்கிறது. இரண்டாவது தரம் மருந்து போட வேண்டியது அப்போதுதான். நீங்கள் மாதம் ஒரு தரம் போட்டீர்கள். அதற்குள் அடுத்த தலைமுறையே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் பேன் ஒரு நாளைக்கு ஏழெட்டு ஈர் வைக்கும்.

இந்தத் தடவை ஒரு சனிக்கிழமை ஆரம்பியுங்கள். சனி ஆரம்பித்தால் ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வரும், பள்ளி அவசரம் இருக்காது. கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் என்று கேளுங்கள். 5 சதவீதத்திலும் கிடைக்கும், அது சொறி சிரங்குக்கானது. மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள், அட்டையைப் படித்து வாங்குங்கள். முதலில் சாதாரண ஷாம்புவால் தலையை அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம். துண்டால் ஒற்றி, ஈரம் சொட்டாத முடியில் வேரிலிருந்து நுனிவரை மருந்தைத் தடவுங்கள். இடுப்புவரை முடி என்கிறீர்கள், ஒரு பாட்டில் போதாது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் கூட்டம் அதிகம், அங்கே விடாதீர்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம் வைத்து, வெறும் தண்ணீரில் அலசுங்கள். பிறகு இரண்டு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம். ஒன்பதாம் நாள் இதையே இன்னொரு தரம்.

மருந்து போட்ட மறுநாளும் பேன் பழைய சுறுசுறுப்போடு ஓடினால், அந்த மருந்துக்கு அது அசையவில்லை என்று அர்த்தம். அப்போது இன்னொரு பாட்டில் வாங்காமல் டாக்டரைப் பாருங்கள். ஐவர்மெக்டின் போல வேறு மருந்துகள் இருக்கின்றன, எடையையும் வயதையும் பார்த்து அவர் சொல்ல வேண்டும். சொறிந்த இடம் புண்ணாகி நீர் வடிந்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ காத்திருக்கவே வேண்டாம்.

மருந்து பாதி வேலைதான், மீதி சீப்பில் இருக்கிறது. பல் நெருக்கமான உலோகப் பேன் சீப்பு ஒன்று வாங்குங்கள். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று நான்கு தடவை வார வேண்டும். மருந்து போடும் முதல் நாளும் ஒன்பதாம் நாளும் மருந்தை அலசிய வெறும் ஈர முடியில் வாருங்கள்; மற்ற இரண்டு நாளும் ஈர முடியில் கண்டிஷனரோ எண்ணெயோ தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். விரல் அகலத்துக்கு முடியைப் பிரித்து, சீப்பு மண்டையைத் தொட வைத்து, நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள்ளு மாதிரி நகர்ந்தால் பேன். வெள்ளையாக ஒட்டியிருந்தால் பொடுகோ ஈரோ என்று குழம்ப வேண்டாம்: பொடுகு ஊதினால் பறக்கும்; ஈர் முடியின் ஒரு பக்கமாகப் பசை போட்டு உட்கார்ந்திருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும். இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து அமுக்கினால் ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் உயிருள்ளது. மண்டையிலிருந்து விரற்கடைக்கு மேல் தள்ளி இருப்பவை பெரும்பாலும் பொரித்துப்போன காலிக்கூடு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சூடத்தை விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு அது விஷம். வாய்வழியே கொஞ்சம் போனாலும் வலிப்பு வரலாம், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம், அடுப்படியில் நிற்கும் பிள்ளையின் தலை அது. சீதாப்பழ விதைப் பொடியையும் யாராவது சொல்வார்கள். என் சின்ன வயதில் பெரியம்மா மகளுக்கு அதை அரைத்துப் பூசி, வழிந்தது கண்ணில் பட்டு, மூன்று நாள் இருட்டறையில் படுத்துக் கிடந்தாள். பேன் போனதா என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

மொட்டை அடித்தால் பேன் போகும், மறுக்கவில்லை. பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தால் அது வேறு விஷயம். ஆனால் வகுப்பில் ஏற்கெனவே தலைகுனிந்து வந்த பிள்ளையை மொட்டைத் தலையோடு அதே பெஞ்சுக்கு அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. டீச்சரைத் தனியாகப் பார்த்து, ‘மருந்து போட்டாயிற்று மிஸ், மற்றப் பிள்ளைகள் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று சொல்லுங்கள். அவளுக்கு எவளிடமிருந்தோ வந்ததுதானே? மருந்து போட்ட மறுநாளே பள்ளிக்கு அனுப்பலாம், வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. கொஞ்ச நாளைக்கு முடியை இறுக்கி இரட்டைப் பின்னலாக மடித்துக் கட்டிவிடுங்கள். சீப்பைத் தனியாக வையுங்கள். நாலு தலை சேர்ந்து ஒரு போனுக்குள் எட்டிப் பார்ப்பதையும் குறையுங்கள்.

இனி பாட்டி விஷயம். ‘உங்கள் தலையில் பேன் இருக்கிறதா’ என்று மாமியாரிடம் கேட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். அதனால் நேராகக் கேட்காதீர்கள். மத்தியானம் வெளிச்சமான வாசல்படியில் நீங்கள் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, ‘அத்தை, எனக்கும் ஒரே அரிப்பு, கொஞ்சம் பாருங்களேன்’ என்று சீப்பைக் கொடுங்கள். பார்ப்பார். பார்த்து முடித்ததும், ‘இப்படி உட்காருங்கள், நானும் பார்க்கிறேன்’ என்று இடம் மாறிக்கொள்ளுங்கள். பேன் பார்க்கிற சுகத்துக்கு எந்த மாமியாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. நரைத்த முடியில் ஈர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சீப்பை நம்புங்கள். அரிக்கவில்லை என்று சொன்னாலும் விடாதீர்கள்; முதல் தடவை பேன் பிடித்தால் அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம். ஒரே படுக்கை என்பதால், பேன் கண்ணில் படாவிட்டாலும் அவருக்கும் அதே சனிக்கிழமை மருந்து போட்டுவிடுங்கள். உங்களுக்கும் கணவருக்கும் சீப்பில் ஏதாவது வந்தால் மட்டும் போடுங்கள். கணவருக்கு முன்வழுக்கை என்றால் அன்று அவர் கொடுத்துவைத்தவர்.

பதினேழாம் நாள், அது ஒரு திங்கட்கிழமை, பள்ளி விட்டு வந்ததும் கடைசியாக ஒரு தடவை வாரிப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் முடிந்தது. அதற்குப் பிறகு வாரம் ஒரு நாள் எண்ணெய் வைக்கும்போது பேன் சீப்பை ஓட்டினால் போதும், அத்தை தலையிலும் சேர்த்து.