அல்பரீன்யோ ஊருக்குப் பயணம்: காசு எங்கே போக வேண்டும், எங்கே வேண்டாம்

கேள்வி: நானும் கணவரும் ஸ்பெயினில் வெள்ளை ஒயினுக்குப் பெயர்போன ரியாஸ் பைஷாஸ் பகுதிக்குப் போக ஆசைப்படுகிறோம். பக்கத்து யாத்திரை நகரமான சாந்தியாகோவில் இருந்து ஒரு நாள் டூர் விற்கிறார்கள். ஒரு ஒயின் ஆலை, படகுச் சவாரி, மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். வாங்கலாமா?

பதில்: கையில் இருப்பது ஒரே நாள் என்றால் வாங்குங்கள், குறை சொல்ல மாட்டேன். மூன்று நான்கு நாள் ஒதுக்க முடியும் என்றால் வேண்டாம். அந்த டூரில் பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். படகு ஓ க்ரோவே துறையில் இருந்து கிளம்பும். கடலில் மிதக்கும் மரச்சட்டங்களில் கயிறு கட்டி மட்டி வளர்ப்பதைக் காட்டுவார்கள், வேகவைத்த மட்டியும் ஒயினும் தருவார்கள். ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் படகில் ஊற்றும் ஒயினை வைத்து இந்தப் பகுதியை எடை போட்டுவிடக் கூடாது.

ரியாஸ் பைஷாஸ் என்பது ஒரே ஊர் இல்லை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், பெரும்பாலும் பொந்தேவேத்ரா மாகாணத்துக்குள் சிதறிக் கிடக்கும் ஐந்து துணைப் பகுதிகள் சேர்ந்தது. 1988இல் இதற்குச் சட்டப்படியான ஒயின் பகுதி அந்தஸ்து கிடைத்தது. விளைவதில் மிகப் பெரும்பங்கு அல்பரீன்யோ என்ற வெள்ளைத் திராட்சைதான். ஐந்தையும் பார்க்க ஆசைப்பட்டால் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள். கடலோரத்தில் இருக்கும் வால் தோ சல்னேஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நடுவில் உள்ள கம்பாடோஸ் ஊரில் அறை போடுங்கள். சின்ன ஊர். ஃபெஃபின்யான்ஸ் அரண்மனைச் சதுக்கத்தைச் சுற்றியே சுவைத்துப் பார்க்கும் கடைகள் இருக்கின்றன, நடந்தே போகலாம். அந்த அரண்மனைக்குள்ளேயே ஒரு பழைய ஒயின் ஆலை இயங்குகிறது.

கம்பாடோஸில் இரவு கடையடைத்த பிறகு பொழுது போகாது என்று தோன்றினால் பொந்தேவேத்ரா நகரில் தங்குங்கள். காரில் அரை மணி தூரம். பழைய நகரத்துக்குள் வண்டிகளே கிடையாது, நடக்க அவ்வளவு சுகம்.

ஆலைகளுக்கு நீங்களே மின்னஞ்சல் போடுங்கள். இடைத்தரகர் தேவையில்லை. சாதாரணச் சுற்றுக்கும் சுவைத்தலுக்கும் பெரும்பாலும் தலைக்கு 15 முதல் 30 யூரோவுக்குள் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் விளக்கும் நேரம் எது என்று முன்பே கேட்டு வையுங்கள், நாள் முழுக்க இருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும். அதில் ஒன்று பெரியதாக இருக்கட்டும்: மார்த்தின் கோதக்ஸ் 1986இல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு, எல்லாம் பெரிய அளவில் எப்படி நடக்கிறது என்று அங்கே தெரியும். இன்னொன்று பசோ தெ சென்யோரான்ஸ் மாதிரி ஒரு பழைய பண்ணை வீடாக இருக்கட்டும். மூன்றாவது ஆலையில் நாக்கும் கேட்காது, காதும் கேட்காது.

தோட்டத்துக்குள் நடக்கவிடும் சுற்றையே தேர்ந்தெடுங்கள். கொடிகளைக் கருங்கல் தூண் நட்டுப் பந்தல் போட்டு வளர்த்திருப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். மழை கொட்டும் ஊர் அது. பழம் தரையை ஒட்டி இருந்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், மேலே தொங்கினால் காற்று பாயும். பளபளக்கும் எஃகுத் தொட்டி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது இந்தப் பந்தலைத்தான்.

கேள்வி: எந்த மாதம் போவது? ஆகஸ்டில் திருவிழா என்கிறார்களே.

பதில்: கம்பாடோஸில் அல்பரீன்யோ திருவிழா 1953இல் தொடங்கியது. ஆகஸ்ட் முதல் ஞாயிறோடு முடியும். கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள், ஆனால் அறையைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும், வாடகையும் ஏறிக் கிடக்கும். பக்கத்தில் சன்ஷென்ஷோ கடற்கரைக்கு ஸ்பெயின்காரர்களே குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் நேரம் அது. ஒயினை நிதானமாகச் சுவைக்க ஏற்ற வாரம் இல்லை.

என் ஓட்டு மே கடைசிக்கும் ஜூனுக்கும். செப்டம்பரில் அறுவடை பார்க்கலாம் என்று பலர் போகிறார்கள், ஆனால் அப்போது ஆலைக்காரர்கள் தலைக்கு மேல் வேலையில் இருப்பார்கள், சில ஆலைகள் பார்வையாளர்களையே குறைத்துவிடும். தேதி உறுதியாகி, ஆலையிடம் இருந்து பதிலும் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். எந்த மாதமானாலும் ஒரு மழைக்கோட்டு பெட்டியில் இருக்கட்டும்.

2027இல் போகிறவர்களுக்கு ஒன்று. புனித யாக்கோபு திருநாளான ஜூலை 25 அந்த ஆண்டு ஞாயிறன்று வருவதால் சாந்தியாகோவுக்கு அது புனித ஆண்டு. அங்கே போகும் யாத்திரைப் பாதை பொந்தேவேத்ரா வழியாகவும் போகிறது, அறைக்கு அடிபிடி இருக்கும்.

கேள்வி: போர்ச்சுகலின் போர்த்தோவுக்கு விமானக் கட்டணம் குறைவாக வருகிறது. அங்கே இறங்கிக் கார் எடுத்துக்கொள்ளலாமா? விசா எங்கே கேட்பது?

பதில்: இறங்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் விலையை ஒப்பிடும்போது டிக்கெட்டை மட்டும் பார்க்காதீர்கள். போர்த்தோவில் எடுக்கும் காரை ஸ்பெயினுக்குக் கொண்டுபோக வாடகை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் இன்னும் பெரிய தொகை. போர்ச்சுகல் நெடுஞ்சாலைகளில் சிலவற்றில் கட்டணத்தை மின்னணு முறையில்தான் எடுப்பார்கள், அதற்கான கருவிக்கும் வாடகை உண்டு. போர்த்தோவில் இருந்து ஸ்பெயின் பக்கத்து நகரமான வீகோவுக்கு ரயில் இருக்கிறது. அதில் போய் வீகோவில் கார் எடுத்தால் இந்தத் தொல்லைகள் பாதி இல்லை. எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். ஆலையில் குறித்த நேரம் தவறிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, யார் ஓட்டுவது? ஸ்பெயினில் வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், அதை இன்னும் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் இருக்கிறது. சுவைக்கும் நாளில் டாக்சிதான். கம்பாடோஸில் தங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், பல ஆலைகள் பக்கத்திலேயே. கார் வேண்டியது தெற்கே மின்யோ ஆற்றங்கரையில் உள்ள ஓ ரோசல் துணைப் பகுதி வரை போகும் நாளுக்கு மட்டும். அன்று ஓட்டுபவர் வாயில் வைத்துத் துப்பட்டும். அதற்கென்றே வாளி வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

விசா விஷயத்தில் இறங்கும் நாடு முக்கியமில்லை. அதிக இரவு எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அங்கேதான் ஷெங்கன் விசா கேட்க வேண்டும். இரண்டிலும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மறுத்தால் திரும்பி வராது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கணவர் சைவம். பட்டினி கிடப்பாரா?

பதில்: கிடக்க மாட்டார், ஆனால் தேடித்தான் சாப்பிட வேண்டும். பத்ரோன் மிளகாய் வறுவல், உருளைக்கிழங்குச் சிப்ஸ், தெத்தீயா சீஸ், ரொட்டி. முட்டை சாப்பிடுவார் என்றால் தோர்த்தீயா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் பாதாம் கேக்கும் உண்டு. கீரை மிதக்கிறதே என்று கலீசிய சூப்பை வாங்கிவிட வேண்டாம், அதில் பன்றிக் கொழுப்பு இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு முன்னாலும் இரவு ஒன்பதுக்கு முன்னாலும் சமையலறை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: திரும்பும்போது என்ன பாட்டில் வாங்குவது? வரியைத் திரும்பத் தருவார்களாமே?

பதில்: முதலில் லேபிள். ‘ரியாஸ் பைஷாஸ் அல்பரீன்யோ’ என்று இருந்தால் முழுக்க அந்தத் திராட்சை. ‘ரோசல்’ என்றோ ‘கொந்தாதோ தோ தேயா’ என்றோ துணைப் பகுதியின் பெயர் இருந்தால் கூட வேறு உள்ளூர் வெள்ளைத் திராட்சைகள் கலந்திருக்கும், மட்டம் என்று அர்த்தமில்லை, எனக்கு ரோசல் கலவைதான் பிடிக்கும். ‘சோப்ரே லீயாஸ்’ என்றால் நொதித்த ஈஸ்ட் வண்டலோடு ஊறவைத்தது, வாயில் கனமாக இருக்கும்.

உள்ளூர்க் கடையில் நல்ல அல்பரீன்யோ 10 முதல் 15 யூரோவுக்கே கிடைக்கும். வெளிநாட்டில் எளிதாகக் கிடைக்கும் பெரிய பெயர்களை அங்கே போய்ச் சுமக்காதீர்கள். வண்டலோடு பல ஆண்டு வைத்து வெளியிடும் பாட்டில்கள் 25, 30 யூரோவுக்கு மேல் போகும், அவைதான் எடைக்குத் தகுந்தவை. அல்பரீன்யோவை வாங்கிய கையோடு குடித்துவிட வேண்டும் என்ற பேச்சு எல்லாப் பாட்டிலுக்கும் பொருந்தாது.

வரி 21 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி, வரியைத் திரும்பப் பெறும் தீவா படிவம் கேட்கலாம், குறைந்தபட்சத் தொகை எதுவும் இல்லை. ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன் பதிவு செய்ய வேண்டும். 60 யூரோ ஒயினுக்கு வரி சுமார் 10 யூரோ, அதிலும் இடைநிறுவனம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஒயினுக்காக மட்டும் அந்த வரிசையில் நிற்க மாட்டேன். செருப்பு, கைப்பை என்று வேறு வாங்கியிருந்தால் நில்லுங்கள்.

அப்புறம் கணக்கு. இந்தியாவுக்குள் தலைக்கு 2 லிட்டர் மதுதான் வரியின்றி. இருவருக்கு 4 லிட்டர் என்றால் 750 மில்லி பாட்டில் ஐந்து கொண்டுவரலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டு பேர் அனுமதியைச் சேர்த்துக் கணக்குப் போட விதியில் இடமில்லை. ஆளுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. ஐந்தாவதை அங்கேயே மட்டியோடு முடித்துவிட்டு வாருங்கள்.