டைல்ஸை உடைக்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள்

கேள்வி: மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள அறையின் சீலிங்கில் ஓதம். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் வைத்து, மேலே நிறமற்ற கெமிக்கல் ஒன்றை அடித்தார்கள். மூன்றே மாதத்தில் பழையபடி கசிகிறது. இப்போது தரை முழுவதையும் உடைக்கச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுத்தியலைத் தூக்கவே கூடாது. வருவது மூன்று வழிகளில்: தண்ணீர் வரும் குழாய், கழிவுக் குழாய், தரை.

சீலிங்கில் ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பாத்ரூமைப் பூட்டிவிடுங்கள், தண்ணீர் வரும் குழாயின் வால்வை மட்டும் மூடாதீர்கள். சங்கன் பள்ளத்தில் (கழிவுக் குழாய்கள் போக பாத்ரூம் தரைக்கு அடியில் ஸ்லாபைத் தாழ்த்தி விட்ட பள்ளம்) கொட்டிய செங்கல் ஜல்லி பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது வடிய ஒரு வாரமாவது வேண்டும். அதற்குப் பிறகும் ஓதம் கோட்டைத் தாண்டினால் சுவருக்குள் போகும் குழாயில் ஓட்டை. பிளம்பரிடம் பிரஷர் பம்ப் பொருத்தச் சொல்லி, அதன் மீட்டர் முள் இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஓதம் சுருங்கினால் அடுத்தது தரை. நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் வடியும் துளை) வாயைப் பாலித்தீனில் சுற்றிய துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். கோடு நகர்ந்தால் தரைதான். நகராவிட்டால் அடைப்பை எடுத்து நீரை விடுங்கள். பிறகு கம்மோடில் ஃபுட் கலர் கரைத்து நாலைந்து முறை ஃப்ளஷ் செய்யுங்கள். கழிவு இணைப்பில் கோளாறு இருந்தால் இப்போது தெரியும்.

இவ்வளவுக்கும் பிடிபடாத கசிவு ஒன்று உண்டு. டைவர்ட்டரிலிருந்து (தண்ணீரை ஷவருக்குத் திருப்பிவிடும் சுவர் வால்வு) ஷவர் தலை வரை சுவருக்குள் ஏறும் குழாய். ஷவர் மூடியிருக்கும்போது அதில் அழுத்தமே கிடையாது. பிரஷர் பம்ப்பும் அதைத் தொடாது. குளிக்கும்போது மட்டும் கசியும், பழி தரைமேல் விழும். நல்ல தரையை உடைத்துவிட்டு அப்புறம் விழிப்பது பெரும்பாலும் இங்கேதான். ஷவர் தலையில் ஹோஸ் மாட்டி, தண்ணீரை அறைக்கு வெளியே வாளியில் விட்டு, தரை நனையாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படியே செய்தும் கோடு நகர்ந்தால், சுவரில் அந்த ஓர் அடி அகலத்தைத் திறந்தால் போதும்.

ட்ராப் ஓரம்தான் கசிவென்றால் சுற்றி ஓர் அடி மட்டும் வெட்டுங்கள். குழாய் ஸ்லாபைத் துளைக்கும் இடுக்கில் சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை) ஊற்றி, மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட். டைல்ஸ் இடுக்கு மட்டும் என்றால் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் நிரப்புங்கள். தரையும் சுவரும் சேரும் மூலைக்கு மட்டும் சீலன்ட் (ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் பசை). அசையும் இணைப்பில் கிரவுட் விரிசல் விடும். உங்கள் வீட்டில் அடித்த நிறமற்ற திரவம் மயிரிழை இடுக்கை அடைக்கும், உடைந்த ட்ராப்பை அடைக்காது. லேபிள் இல்லாத டப்பாவோடு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கீழிருந்து சீலிங்கில் துளையிட்டுக் கெமிக்கல் ஏற்றும் ‘ஊசி’ போடுவதும் அப்படித்தான். கசிவு இரண்டடி தள்ளி எட்டிப் பார்க்கும்; தேங்கிய நீர் ஸ்லாபுக்குள் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

சங்கன் பள்ளமே நனைந்து ஊறியிருந்தால் முழுக்க உடைக்கத்தான் வேண்டும். பூச்சு தரையோடு நிற்கக் கூடாது. சுவரில் ஓர் அடி, ஷவர் பக்கம் ஆறடி ஏற வேண்டும். காய்ந்ததும் 48 மணி நேரம் நீர் நிறுத்திப் பார்த்த பிறகே டைல்ஸ். இந்தச் சோதனைக்குத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது. பூச்சு ஒருவர், பிளம்பிங் ஒருவர், டைல்ஸ் ஒருவர். மறுநாளே வேலை ஏற வேண்டும் என்று அவசரம், கசிந்தால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். சோதனை முடியும்வரை பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வையுங்கள். ‘பத்து வருட வாரண்டி’ காகிதத்தில் குழாய் இணைப்பும் விரிசலும் விலக்கு என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீலிங்குக்கு இப்போதைக்குப் பெயின்ட் வேண்டாம். உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகு பட்டி பாருங்கள்.