ரத்தத்தில் ஆசை தெரியுமா?

கேள்வி: குடியை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது என்கிறான் என் தம்பி. செல்கள் வெளியே விடும் நுண்பைகளை ரத்தத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் ஒருவர் போதைக்கு அடிமையா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று படித்தேன். அவனுக்குத் தெரியாமல் அந்த டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத அக்கா

பதில்: ‘அவனுக்குத் தெரியாமல்’ என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நுண்பை.

படிக்கிற காலத்தில் ஒரு வருடம் இந்தப் பைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைக் குழாயில் ஊற்றி, புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றவிடுவோம். அடியில் படிவது பல நாள் கண்ணுக்கே தெரியாது. அதனால் சுற்றும் முன்பே குழாயின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வோம். படிவு அங்கேதான் இருக்கிறது என்று நம்பி, மேலே நிற்கும் திரவத்தை உறிஞ்சி எடுப்போம். சோதித்தால் அந்தப் படிவில் பைகளோடு, ரத்தத்தில் எப்போதும் இருக்கும் ஆல்புமின் என்ற புரதமும் கொழுப்புப் புரதத் துகள்களும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்!

இவற்றில் எக்சோசோம் எனப்படும் சிறிய வகை 30 முதல் 150 நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இளம் சிவப்பணு முதிரும்போது தனக்கு இனி வேண்டாத ஏற்பிகளை (வெளியிலிருந்து வருவதைப் பிடிக்கும் புரதங்களை) இப்படிப் பொட்டலம் கட்டி வெளியே தள்ளுவதை 1983இல் பார்த்தார்கள். குப்பைப் பை என்றே வெகுகாலம் பேச்சு. 2007இல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் பைக்குள் மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அதை வாங்கிக்கொண்ட செல் அதைப் படித்துப் புரதம் செய்வதையும் காட்டினார்கள். குப்பை என்று நினைத்தது கடிதமாக இருந்தது.

போதை ஆய்வாளர்களுக்கு ஆசை வந்தது இதனால்தான். உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து துண்டு வெட்டி எடுக்க முடியாது. நரம்பு செல் எழுதிய கடிதம் ரத்தத்துக்கு வந்து சேர்ந்தால் கையிலேயே ஊசி குத்தி எடுத்துவிடலாமே! ஆனால் ரத்தத்தில் மிதக்கும் பைகளில் பெரும்பங்கு தட்டணுக்களும் மற்ற ரத்த செல்களும் விட்டவை. மூளையிலிருந்து வந்ததை மட்டும் பிடிக்க எல்1கேம் என்ற புரதத்தை அடையாளமாக வைத்தார்கள். 2021இல் வந்த ஓர் ஆய்வு, பிளாஸ்மாவில் அந்தப் புரதம் பையில் ஒட்டாமல் தனியாகவே மிதக்கிறது என்றது. அதை நம்பி மீன் பிடித்தவர்கள் பாவம், வலையில் என்ன சிக்கியது என்று திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

சரி, மாற்றம் தெரிகிறது என்றே வையுங்கள். அது அடிமைத்தனத்தாலா, கெட்டுப்போன ஈரலாலா, கூடவே ஊதும் சிகரெட்டாலா? குடியால் அடிபட்ட ஈரல் செல்களும் நிறையப் பைகளை விடுகின்றன. ஆகவே இது ஆய்வுக்கூடத்தில் இருக்கிற சமாசாரம். எந்த மருத்துவரும் உங்களுக்கு எழுதிக்கொடுக்கும் நிலைக்கு வரவில்லை.

குடித்தாரா என்று பார்க்க வேறு டெஸ்ட் உண்டு. ஆல்கஹால் உடம்பில் இருந்தால் மட்டுமே உருவாகும் பாஸ்ஃபாடிடைல் எத்தனால், சுருக்கமாக ‘பெத்’, சிவப்பணுவின் சவ்வில் தங்கி, ஏறக்குறைய கடந்த இரண்டு முதல் நான்கு வாரக் குடியைச் சொல்லும். ஜி.ஜி.டி. என்ற ஈரல் நொதியின் அளவை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். கொழுப்பு ஈரலிலும், சில மாத்திரைகளாலும் அது ஏறும். இந்த டெஸ்ட் எல்லாம் குடித்ததைக் காட்டும். இன்று மாலை ஆறு மணிக்கு அவர் மனம் எங்கே இழுக்கும் என்பதைக் காட்டாது.

இப்போது அந்தத் ‘தெரியாமல்’. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு, சுகர் பார்க்கிறோம் என்று சொல்லி வீட்டார் ரத்தம் எடுத்து ‘பெத்’ டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு சுத்தமாக வந்தது. விஷயம் தெரிந்ததும் மனிதர் மூன்று மாதம் என் அறைப் பக்கமே வரவில்லை. உங்கள் தம்பியிடம் நேராகக் கேளுங்கள். சம்மதித்தால் ‘பெத்’ எடுக்கலாம். ரிப்போர்ட் வந்ததும் முதலில் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.