பறக்கும் நாரைகளை ட்ரைபாட் இல்லாமல் படமெடுக்க: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் எடுத்த பறக்கும் படம் எல்லாமே ஆடித்தான் வருகிறது. ஷட்டர் வேகம் 1/500 நொடி போதாதா?

போதாது தம்பி. நாரை, பெரிய கொக்கு மாதிரி நிதானமாகச் சிறகடிப்பதற்கு 1/1600, உள்ளான், பவளக்காலி மாதிரி படபடப்பதற்கு 1/2500. ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, 3200 போனாலும் பரவாயில்லை, படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆடிப்போன இறகை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: கொக்கின் வெள்ளை வெளிறிப்போய் இறகே தெரியவில்லை சார்.

பின்னால் கோரையோ இருண்ட தண்ணீரோ இருக்கும், கேமரா எல்லாமே இருட்டு என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதே கொக்கு வானத்துக்கு ஏறியதும் நேர்மாறாகக் கருத்துப்போகும். ஆனால் கொக்கின் மேல் விழும் வெயில் மாறவே இல்லை, கவனித்தீர்களா? அதனால் வெயில் நிலையாக இருக்கும்போது கேமராவே ஐஎஸ்ஓவை மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் முழு மேனுவலுக்கு வாருங்கள். கரையில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்துப் பார்த்து, வெள்ளை வெளிறாத அளவில் ஷட்டர், அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ மூன்றையும் நிறுத்திவிடுங்கள், பிறகு அது எங்கே பறந்தாலும் கவலையில்லை.

கேள்வி: மாலையில் போனால் எப்போதும் வால் பக்கம்தான் கிடைக்கிறது, ஏன்?

இதைக் கேட்டதற்கு நன்றி, லென்ஸ் விலையைவிட இதுதான் முக்கியம். பெரிய பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்குவதும் அப்படியே. சென்னைப் பக்கம் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும், நீங்களோ வெயிலை முதுகில் வாங்க மேற்கே நிற்கிறீர்கள், பறவை உங்களுக்கு முதுகைக் காட்டித்தானே கிளம்பும்! வடகிழக்குக் காற்று வீசும் பனிக்காலக் காலைகளில் வெயில், காற்று இரண்டும் உங்கள் முதுகுப் பக்கம் வரும், பறவை முகத்தைக் காட்டி எழும்பும். மாலைதான் முடியும் என்றால், பக்கவாட்டில் கடந்து போகிற மாதிரி தெற்கிலோ வடக்கிலோ நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: 150-600 மி.மீ. ஜூம் லென்ஸைப் பிடித்தால் கை நடுங்குகிறது.

இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், கொஞ்சம் முன்னால் தள்ளி, முழங்கை விலாவோடு. பறவை எங்கே போய் முடியுமோ அந்தத் திசைக்குக் காலை வைத்து, இடுப்பைத் திருப்பி அது வரும் பக்கம் பாருங்கள், பறவை வர வர உடம்பு தானாக நேராகும். 300 மி.மீ.-ல் பறவையை ஃப்ரேமுக்குள் பிடித்துவிட்டு அப்புறம் ஜூம். பறவை வராத நேரத்தில் லென்ஸை இறக்கிக் கைக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: கை தட்டிக் கிளப்பலாமா? பலர் செய்கிறார்களே.

கூடாது, யார் செய்தாலும் தப்பு. வலசை வந்த உள்ளான் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது, ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அதைத்தான் கரைக்கிறோம். பொறுத்திருந்தால் அதுவே சொல்லும்: காற்றுப் பக்கம் திரும்பும், எச்சமிடும், உடம்பைத் தாழ்த்தும், உடனே விரலை அழுத்துங்கள்.

கேள்வி: பழகுவதற்கு எந்த இடம் நல்லது அண்ணா?

வேடந்தாங்கல், தண்ணீர் இருக்கும் வருடம், ஜனவரி வாக்கில். கூடு கட்டும் நாரைகள் குச்சியோடு ஒரே வழியில் திரும்பத் திரும்ப வரும், முதல் முறை தவறினாலும் அடுத்த முறைக்குத் தயாராகிவிடலாம்.