மாடுலர் சிந்தசைசரில் (தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி) என்வலப் ஜெனரேட்டர், அதாவது சத்தம் ஏறி இறங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் மாட்யூல், வேலை செய்தும் சத்தம் 'டிக்' என்று மட்டும் வருகிறது, மாட்யூலை மாற்றலாமா?

மாற்றாதீர்கள். ஸ்வரங்களை வரிசையாக வாசிக்கவைக்கும் உங்கள் சீக்வென்சரிலிருந்து ஏடிஎஸ்ஆருக்கு (அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்ற நான்கு கட்டங்கள் கொண்ட அந்த என்வலப்புக்கு) வருவது 'கேட்' சிக்னலாக இருக்காது, 'ட்ரிகர்' சிக்னலாக இருக்கும். இதே குழப்பத்தில் ஒரு நல்ல மாட்யூலை நான் விற்றுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேட் என்பது விசையை அழுத்தியிருக்கும்வரை உயர்ந்தே நிற்கும் வோல்டேஜ். ட்ரிகர் சில மில்லிசெகண்டில் முடிந்துபோகும் பல்ஸ். சாதாரண ஏடிஎஸ்ஆர், கேட் இறங்கியதுமே ரிலீஸுக்கு, அதாவது அடங்கும் கட்டத்துக்கு, போய்விடும். என் பேட்சில் (வயர் இணைப்பில்) அட்டாக், அதாவது ஏறும் நேரம், 200 மில்லிசெகண்ட், வந்த பல்ஸோ வெறும் 5. என்வலப் ஏற ஆரம்பித்ததுமே இறங்கிவிட்டால் விசிஏ (வோல்டேஜுக்கு ஏற்பச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல்) எங்கே திறக்கும்? அட்டாக்கைக் குறைத்தால் 'டிக்', கூட்டினால் நிசப்தம். சஸ்டெயினை முழுக்கத் திருகியும் பயனில்லை. மற்ற மூன்றும் நேரத்தைச் சொல்பவை, சஸ்டெயின் மட்டும் வோல்டேஜ் அளவு. கேட் நின்றால்தானே அதற்கு வேலை? மாட்யூல் பழுது என்று முடிவுகட்டி விற்றேன். புதிதாக வாங்கிய மாட்யூலும் அச்சு அசல் அதையே செய்தது. அப்புறம்தான் வோல்டேஜை வரைந்து காட்டும் ஓசிலோஸ்கோப்பை எடுத்து, உள்ளே போகும் சிக்னலைப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

சீக்வென்சரில் கேட் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால் 'மேத்ஸ்' என்ற மாட்யூல் போன்ற ஒன்று போதும், அதன் ட்ரிகர் உள்ளீட்டுக்குச் சின்ன பல்ஸ் வந்தாலும் முழுதாக ஏறி இறங்கிவிடும்.

"மூக் (Moog) நிறுவனத்தின் சிந்தசைசர்களில் ட்ரிகரை வைத்தே நீண்ட ஸ்வரம் வாசித்தார்களே" என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அவற்றில் இருந்த எஸ்-ட்ரிகர் என்ற சிக்னல், விசையை விடும்வரை கிரவுண்டோடு (பூஜ்ய வோல்டேஜோடு) இணைந்தே நிற்கும். பெயர் ட்ரிகர், செய்வது கேட்டின் வேலை. பெயரை விடுங்கள், நீளத்தைப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாட்யூல் முகப்பில் ஓவியம் வரைகிறார்கள், எது கேட், எது ரீட்ரிகர் (என்வலப்பை மறுபடி தொடங்கவைக்கும் உள்ளீடு) என்று படிக்கும்படி எழுதுவதில்லை. கறுப்புப் பலகையில் கரும்பழுப்பு எழுத்து! நான் விற்ற மாட்யூலில் எல்லாம் தெளிவாக அச்சிட்டிருந்தது. இப்போது வைத்திருப்பதில் ஒவ்வொரு துளைக்கும் நானே சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.